நெஞ்செரிச்சல் நின்ற வருஷம்

எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது இருபத்தைந்து வயதில். நின்றது நாற்பதில். நின்றபோது ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். என்னை மாதிரி முட்டாளைக் காவிரிப் பாசனம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் அறுவடைக் கூலி, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலாளர். பகலெல்லாம் குனிந்து அறுப்போம். குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களிக்கும். துப்பிவிட்டு மறுபடி அரிவாளைப் பிடிப்பேன். சங்கக் கூட்டம் முடிகிறவரை டீயும் பீடியும்தான். அப்புறம் வீட்டுக்கு வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு அப்படியே பாயில் சாய்வேன். எரிந்தால் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பேன். பெரிதாக ஒரு ஏப்பம் வரும், அத்தோடு மறந்துவிடும். கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டால் ஆள்விட்டு அடித்த காலம் அது. நெஞ்சு எரிகிறதென்று எவன் ஆஸ்பத்திரிக்குப் போவான்?

சென்னையில் கழக ஆட்சி வந்திருந்தது. அந்தத் தெம்பில் நாங்களும் குரலை உயர்த்தினோம். ஒரு அறுவடைக்கு முன்னால் மிராசுதார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். அதுவரை கொல்லைப்பக்கமே நின்று பேசியவர்களுக்கு அன்று வாசலில் பெஞ்சு போட்டார்கள், காபியும் வந்தது. வீட்டு ஆட்கள் தங்கள் கையால் எங்களுக்குக் கொடுப்பார்களா? அங்கே மாட்டுக்கொட்டிலில் வேலை பார்த்த எங்கள் தெரு அக்காவிடம் கொடுத்தனுப்பினார்கள். நாலு பேர் குடித்தோம். அரைப்படி கூடியது.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் எரிச்சல் நின்றது. கூலி ஏறினதும் வயிறு குளிர்ந்துவிட்டது என்று கேலி பேசித் திரிந்தேன். அடுத்த நடவுக்குள் சோறு நெஞ்சில் அடைக்க ஆரம்பித்தது. தண்ணீர் குடித்துத் தள்ளினேன். பிறகு குழைசோறு, பிறகு வெறும் கஞ்சி. ஆள் பாதியானேன். நான் கஞ்சியோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாமல் என் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள். செத்துப்போவேன் என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"இது நோய் இல்லங்க, யாரோ மருந்து வச்சிருக்காங்க" என்றாள் அவள். சாப்பாட்டிலோ காபியிலோ ரகசியமாக எதையாவது கலந்து கொடுத்து ஆளை உருக்குவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அதை உறிஞ்சி எடுக்கிறவர்களும் உண்டு. மேடையில் மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழிக்கிற நான், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கும்பகோணத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஊருக்குப் போனேன். ஒரு அம்மாள் என் நெஞ்சில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டினாள்.

"பொம்பள கையால வாங்கிக் குடிச்சிருக்க" என்றாள்.

தினமும் மனைவி கையால் வாங்கித்தான் குடிக்கிறேன். அது அப்போது மண்டையில் ஏறவில்லை, மிராசுதார் வீட்டுக் காபிதான் நினைவுக்கு வந்தது. அதே காபியைக் குடித்த மற்ற மூன்று பேர் கல் மாதிரி நடமாடியதும் ஏறவில்லை. மறுநாள் சங்கக் கொடிமரத்தடியில் பத்துப்பேர் கூடியிருந்தபோது சொன்னேன்: "அன்னைக்குக் காபி கொண்டாந்து குடுத்தது யாருன்னு ஒங்களுக்கே தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லையே என்று பலநாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த அக்காவை அதற்குப்பின் யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. அவர் மொண்டு கொடுத்த தண்ணீரைக்கூட யாரும் வாங்கிக் குடிக்கவில்லை. தாலியறுத்து ஒண்டியாக இருந்த மனுஷி. ஒருநாள் பூம்புகார்ப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

உருண்டை வெளியே வந்தும் சோறு உள்ளே போகவில்லை. கஞ்சியும் இறங்காமல் போனபோது தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெஞ்செரிச்சல் எத்தன வருஷமா?"

"அது நின்னு ஒரு வருஷமாச்சுங்க."

"எத்தன வருஷம் இருந்துச்சுன்னு கேட்டேன்."

"பதினஞ்சு."

அவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றிலிருக்கும் அமிலத்தை வயிறு தாங்கும், உணவுக்குழாய் தாங்காது. அமிலம் ஏறி ஏறி உள்தோல் வெந்து புண்ணாகும். புண் ஆறினால் தழும்பு, தழும்பு இறுகினால் குழாய் சுருங்கும். திரும்பவும் புண், திரும்பவும் தழும்பு. பதினைந்து வருஷத்தில் என் குழாயின் அடிப்பக்கம் பென்சில் பருமனுக்கு வந்திருந்தது.

"எரிச்சல் நின்னது கொணமாகி இல்ல. கீழ போக வழி கொறஞ்சுபோச்சு, அதனால மேல வர்றதும் கொறஞ்சுபோச்சு. புத்துநோய் வைக்காம விட்டுதே, அதச் சொல்லு" என்றார்.

குழாய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார்கள். உயிர் போய் வந்தது. மூன்றாம் தடவைக்குப் பிறகு ஒரு இட்லி முழுதாக இறங்கியது, வார்டிலேயே அழுதுவிட்டேன். சாப்பிட்டவுடன் படுக்காதே, கட்டில் தலைமாட்டுக்குச் செங்கல் வை என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். செங்கல் கிடைக்கும், எங்கள் தெருவில் கட்டிலுக்கு எங்கே போவது?

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த அக்காவின் நினைப்புத்தான். வெட்கத்தில் உடம்பு கூசியது. அந்த வாரமே பூம்புகாருக்குப் போனேன். அவர் வெயிலில் கூலிக்குக் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, மன்னித்துக்கொள் அக்கா என்றேன். அவர் கைவேலையை நிறுத்தவில்லை.

"நான் எதையும் கலக்கலன்னு எனக்குத் தெரியாதா தம்பி? எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? தெருவுல போய்ச் சொல்லு."

வந்து வீடுவீடாகச் சொன்னேன். படம், அமிலம், தழும்பு எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாரும் நான் பிழைத்து வந்ததற்குச் சந்தோஷப்பட்டார்கள். கடைசி வீட்டுப் பெரியவர் முழுதும் கேட்டுவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"மருந்து வச்சதெல்லாம் டாக்டர் படத்துல தெரியுமா? அந்தம்மா உறிஞ்சி எடுத்ததாலதான் நீ பொழச்ச. மருந்து வச்சவளுக்குப் போய்ப் பரிஞ்சு பேசுறியே, ஒனக்கு எவ்வளவு பெரிய மனசு!"