ஆயிங் தந்த துணி

நாகபூசணி அக்காவுக்கு வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, எரிச்சலில்தான் சொல்கிறேன். இத்தாலியில், பலெர்மோவில் வீட்டுவேலை செய்கிற எங்கள் சனத்துக்குள், தன் வீட்டுக்கார அம்மாவை, சிஞ்ஞோராவை, எதிர்த்து ஒரு சொல் கதைக்காத ஆள் அவர் ஒருவர்தான். நான் அப்படியில்லை. இந்திராதேவி வாய்க்காரி என்று நாங்கள் இருக்கிற போர்கோ வெக்கியோப் பகுதி முழுக்கத் தெரியும்.

அக்காவின் சிஞ்ஞோரா ஒர்தென்சியா படித்த மனுசி. புருசன் செத்தபிறகு ஊர் ஊராகப் பழைய தையல் துணி தேடித் திரிந்தவர். தொண்ணூற்றாறில், சீனாவில் ஒரு வருசம் இருந்து கிராமத்துப் பெண்களின் தையலை ஆராயப் போகிறேன் என்று வெளிக்கிட்டார். சமைக்கவும் முழங்காலுக்கு எண்ணெய் தடவவும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலிக்கு வந்து சேர்ந்ததே பெரிய கூத்து, இதற்குள் சீனாவுமா என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

குய்யாங் என்ற நகரத்தில், வெளிநாட்டுக்காரருக்கென்று ஒரு கல்லூரி கொடுத்த மாடிவீட்டில் இருந்தார்களாம். அக்கா சந்தைக்குப் போனால் பின்னால் ஒரு கூட்டம் வருமாம். அவருடைய கையைத் தொட்டுவிட்டு, கறுப்பு ஒட்டியிருக்கிறதா என்று தங்கள் விரலைப் பார்ப்பார்களாம்.

“உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?” என்று கேட்டேன்.

“ஏன் கோவம்? இஞ்சை பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்க மாட்டினம். அங்கை தொட்டாவது பாத்திச்சினம்.”

லீவு விட்டால் கிராமங்களுக்குப் பயணம். கோழிக்கூடைகளோடு பஸ், பிறகு மலைப்பாதையில் நடை. சிஞ்ஞோராவின் பையும் அக்காவின் தோளில். கதையை மொழிபெயர்க்க ஒரு மாணவி கூடப் போவாள். போகிற வீட்டில் சிஞ்ஞோரா முன்னறையில் இருந்து துணிகளை விரித்துப் பார்க்க, அக்கா நேரே குசினிக்குள் போய் அடுப்படியில் குந்திவிடுவார். எங்கள் ஆட்களுக்கு எந்த நாட்டிலும் குசினிக்கு வழி கேட்கத் தேவையில்லை.

அப்படி ஒரு மலைக்கிராமத்துக் குசினியில்தான் ஆயிங் என்ற பெண்ணைக் கண்டார். அவள் முதுகில் கைக்குழந்தை. குழந்தையைக் கட்டியிருந்த துணியில் பூச்சியும் பூவும் சிவப்பிலும் நீலத்திலும் நெருக்கித் தைத்திருந்தது. அதைக் கண்டதும் சிஞ்ஞோராவுக்கு அதிலேயே கண். என்ன விலையும் தருகிறேன் என்றார். ஆயிங் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். குழந்தையின் உயிர் இந்தத் துணியோடுதான் கிடக்கிறது, விற்கிற சாமான் இல்லை என்று மாணவி சொன்னாள்.

அன்று பின்னேரம் சிஞ்ஞோரா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். “நாகா, உன் மகள் பிள்ளைத்தாச்சி அல்லவா? நீ கேள். உனக்கென்றால் தருவாள். உன் பேரக்குழந்தைக்கு இருக்கட்டும்” என்றார். எவ்வளவு பாசம் பாருங்கள்! அக்கா உருகிப்போனார்.

அக்காவின் மகள் நிரோசினி பலெர்மோவில் முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அக்கா அடுப்படியில் ஆயிங்கோடு கீரை ஆய்ந்துகொண்டே, வயிற்றைக் காட்டி, கடல் தாண்டி என்று கையைக் காட்டி, தெரிந்த பாஷையெல்லாம் கதைத்தார். மறுநாள் காலையில் ஆயிங் தானாகவே துணியை அவிழ்த்தாள். ஓரத்தில் ஒரு நூலை மட்டும் வெட்டித் தன் குழந்தையின் கையில் கட்டிவிட்டு, மிச்சத்தை இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினாள்.

வெறுங்கையோடு வாங்க அக்காவுக்கு மனம் வரவில்லை. கழுத்துச் சங்கிலியில் நிரோசினியின் பஞ்சாயுதம் கிடந்தது. பிறந்து முப்பத்தோராம் நாள் பிள்ளைக்குக் காவலாகப் போடுகிற சின்னத் தங்கப் பதக்கம் அது. இடம்பெயர்ந்து ஓடினபோது வீட்டில் மிஞ்சிய ஒரே நகை. நிரோசினியின் பிள்ளைக்குப் போட வைத்திருந்ததைக் கழற்றி ஆயிங்கின் பிள்ளைக்குப் போட்டுவிட்டார்.

இனித்தான் அக்கா செய்த பிழை. எங்களில், பிள்ளை பிறக்க முன்னம் பிள்ளைக்கான சாமான் ஒன்றும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் துணியைத் தன் பையில் வைக்காமல், “பிறக்குமட்டும் நீங்கள் வைச்சிருங்கோ” என்று சிஞ்ஞோராவின் கையிலேயே கொடுத்தார். சிஞ்ஞோராவும், “ஓ, உங்கள் வழக்கத்தை நான் மதிக்கிறேன்” என்று வாங்கிப் பெட்டியில் பூட்டினார்.

அடுத்த வருசம் திரும்பி வந்தார்கள். நிரோசினிக்குப் பெண்குழந்தை பிறந்தது. அக்கா துணியைக் கேட்டார். துப்புரவாக்கக் கொடுத்திருக்கிறேன் என்றார் சிஞ்ஞோரா. இன்னொருமுறை கேட்டதற்கும் அதே பதில். “கேட்டுக் கரைச்சல் குடுக்கிறது வடிவில்லை. முப்பத்தொண்டுக்குத் தருவா” என்று அக்கா எனக்குச் சமாதானம் சொன்னார்.

முப்பத்தொன்றுக்கு முதல்நாள் பொலித்தேயாமா நாடக அரங்குக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் சிஞ்ஞோராவின் கண்காட்சி. தட்டு ஏந்த என்னையும் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போனதும் நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஆயிங்கின் துணி. அக்கா கிளாசுத் தட்டோடு பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

சிஞ்ஞோரா பேசத் தொடங்கினார். “என் வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவள் தன் குழந்தையின் துணியை அவிழ்த்து என் கையில் தந்தாள்” என்றார். பிள்ளையே பெறாத மனுசி! குசினிக்குள் நடந்ததை அப்படியே தன் கதையாக்கி, கண்ணையும் துடைத்தார். சனம் கைதட்டியது.

சுவரில் சிஞ்ஞோரா எடுத்த ஆயிங்கின் குழந்தையின் படம், ஆளுயரத்துக்கு. கழுத்தில் பஞ்சாயுதம். கீழே ‘மலைக்கிராமக் குழந்தைகள் அணியும் பழங்காலக் காவல் நகை’ என்று எழுதியிருந்தது. ஒரு கிழவர் அக்காவிடம், “நீயும் அங்கே போனவளாமே, இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டார்.

“பஞ்சாயுதம்” என்றார் அக்கா.

“சீனமொழி எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்!” என்றார் அவர். பக்கத்தில் நின்ற சிஞ்ஞோராவும் சிரித்தார். அவருக்குத் தெரியாதா அது யாருடையதென்று? நாசமாய்ப் போவாள்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தார். “சிஞ்ஞோரா, அந்தத் துணி என் பேத்தியினுடையது. நாளைக்கு வேண்டும்.”

சிஞ்ஞோரா அக்காவின் தோளைத் தடவினார். “நாகா, நீதானே என் கையில் தந்தாய்? வீட்டில் வைக்கக் கூடாது என்றாய். இது இனி எல்லோரும் பார்க்க வேண்டிய பொருள். குழந்தைக்கு நல்ல தள்ளுவண்டி வாங்கித் தருகிறேன்.”

நான் கையிலிருந்த தட்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் டங்கென்று போட்டேன். “கள்ளி!” என்று தமிழில் கத்தினேன். அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்து சிஞ்ஞோராவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

“உங்களைத் தூண்டில் புழுவாய்ப் பாவிச்சிருக்கிறாள் அக்கா! துணியும் போச்சு, பஞ்சாயுதமும் போச்சு. நாளைக்கு நிரோசினிக்கு என்ன சொல்லப் போறியள்?”

போர்கோ வெக்கியோச் சந்தை முடக்கில் அக்கா நின்றார். அழுதுகொண்டிருந்தார்.

“நிரோசினிக்கு ஏதும் சொல்லலாம். ஆயிங்குக்கு ஆர் சொல்லுறது? என்ரை பேத்தி அதுக்குள்ளை நித்திரை கொள்ளுதெண்டெல்லோ அவள் நினைச்சுக்கொண்டிருப்பாள், இந்திரா.”