எண் 214, வெள்ளிக் கால்

மறைமாவட்ட அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறைக் காவலரை எல்லாரும் நொண்டியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவார்களாம்?

பழைய கோயில்களிலிருந்து வந்த மரச் சொரூபங்கள், பூசைப் பாத்திரங்கள், காணிக்கைகள் எல்லாம் அந்த அறையில்தான். பதினாறு வருடமாக "தொடாதீங்க, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவர் வாய் தேய்ந்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் கால். அது அவருடைய கால்தான். ஆறு வயதில் காலில் சீழ் வைத்துப் படுத்தபோது, அம்மா தன் கொலுசை உருக்கிச் செய்து மாதாவுக்குக் கொடுத்தது. கோயிலுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் அந்த ஆறு வயதுப் பயல் அதைக் கடித்துப் பார்த்தான். பல் தடம் இன்னும் இருக்கிறது. கீழே ஓர் அட்டை: "குணமடைந்ததற்கு நன்றிக் காணிக்கை."

அந்த வரிதான் அவருக்கு ஆகாது. குணமாகி என்ன கிழித்தது! அம்மா கொலுசையும் கொடுத்து ஏமாந்தது போதாதென்று, மேலே பொய்யும் எழுதி வைத்திருக்கிறார்களே என்று வயிறெரியும். இந்த வருடம் பொறுப்பாளர் சிஸ்டரிடம் போய் நின்றார்.

"அந்த அட்டையில இருக்கிறது பொய், சிஸ்டர்."

"ஆதாரம் இருக்கா?"

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். மறுவாரமே புது அட்டை வந்தது: "குணம் வேண்டிக் கொடுத்த காணிக்கை. வேண்டுதல் நிறைவேறவில்லை."

அப்பாடா என்றிருந்தது. அந்தச் சூட்டோடு அம்மாவை அழைத்துவந்து காட்டினார். எழுபத்தெட்டு வயது, எழுத்து தெரியாது.

"என்னடா எழுதியிருக்கு?"

ஓர் எழுத்து விடாமல் படித்தார்.

"எந்த மடையன்டா எழுதினான்?"

"நான்தாம்மா எழுதச் சொன்னேன். கால் இப்படியேதானே இருக்கு?"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தொடையோட காலை எடுத்தாத்தான் உசிரு தப்பும்னு டாக்டர் நாளே குறிச்சுட்டார். அன்னைக்குக் காலையில சீழ் தானா உடைஞ்சு வடிஞ்சுது, எடுக்க வேணாம்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான்டா நான் கொலுசைக் கழட்டினேன். சின்னப் பையன், பயந்துடுவியோன்னு உன்கிட்ட சொல்லலை. அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு."

இத்தனை வருடம் அந்தக் காலைத் திட்டியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவை உட்காரவைத்துவிட்டு, மாடியில் இருந்த சிஸ்டர் அறைக்குப் படியேறினார், இரண்டு கால்களாலும்.