முதுகில் இருந்த ஓட்டை

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குச் சூளைக்குள் முதல் உருவம் வெடித்தது. அடுப்படியில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். என் மகளைப் பெண் பார்க்கப் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

என் மகள் சிற்பி. சென்னையில் படித்துவிட்டு, மண்ணும் சூளை கட்ட ஆளும் கிடைக்கும் என்று விருத்தாசலத்துக்கே திரும்பி வந்தவள். கொல்லையில் சின்னதாக ஒரு கேஸ் சூளை. மனித உருவங்கள்தான் செய்வாள். முதலில் கண், மூக்கு, நகம் வரை முழு ஆளையும் செய்வாள். மண் சற்று இறுகியதும் புளியங்கட்டையால் அடிக்க ஆரம்பிப்பாள். முகம் நசுங்கும். கைகள் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு குனிந்த முதுகோ சாய்ந்த தோளோ மட்டும் மிஞ்சும்போது நிறுத்துவாள். பள்ளிக்கூடம் முடிந்து வந்து நான் சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு அடியும் என் வயிற்றில் விழும்.

"ஏண்டி, இவ்ளோ அழகா மூக்கு வெச்சிட்டு ஏன் அடிக்கிற?"

"மூக்கு இருந்தா மூக்கத்தாம்மா பாக்கறாங்க. அவன் எப்படிக் குனிஞ்சி நிக்கறான்னு ஒருத்தரும் பாக்கல."

பெண் பார்க்க வருவதற்கு முந்தைய நாள் ஆறு உருவங்களைச் சூளையில் அடுக்கியிருந்தாள். சூளைக் கதவு திறந்தே கிடந்தது. ஆறு முதுகுகளும் கொல்லையைப் பார்த்து நின்றன. ஒவ்வொன்றிலும் விரல் நுழையுமளவு ஓர் ஓட்டை.

பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மா, கை கழுவ இங்கதான வருவாங்க? எல்லாத்துக்கும் முதுவுல கத்தியால குத்துனாப்ல இருக்குதே. கொலகார வூடுன்னு அப்படியே பஸ்ஸு ஏறிடப் போறாங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே குடைந்த உருவங்கள்; ஈரம் ஆவியாகி வெளியேறத்தான் அந்த ஓட்டை. அதை அவள் எனக்குச் சொல்லியிருப்பாள். நான்தான் காதில் வாங்கவில்லை. தன் அப்பாவை அழைத்துவர அவள் ரயிலடிக்குப் போன நேரத்தில், ஈரமண் எடுத்து ஆறு ஓட்டைகளையும் அடைத்துக் கட்டைவிரலால் வழித்துவிட்டேன். நன்றாகத்தான் செய்தேன். அடைத்த தடமே தெரியவில்லை.

காலையில் திரும்பப் பார்க்காமல் கதவை மூடிச் சூளையைப் பற்றவைத்துவிட்டாள்.

முதல் சத்தம் கேட்டதும் நான் ஓடினேன். எனக்கு முன்பே அவள் ஓடிச் சூளைக் கதவை இழுத்துத் திறந்துவிட்டாள். இரண்டாவது அவள் முகத்துக்கு நேராக வெடித்தது. இடது கண்ணிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. "கிட்ட வராதம்மா!" என்று என் மார்பில் கைவைத்துத் தள்ளினாள். மூன்றாவது வெடித்துக் கதவில் மோதியது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டே கேஸை மூடினாள்.

ஆட்டோவில் சொல்லிவிட்டேன். "ஓட்டைய நாந்தான் அடச்சேன் பாப்பா."

அவள் தோளில் இருந்த என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இல்லை. வெளியூர் முகாமிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பூ வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்த என் கணவர் பூப்பொட்டலத்தோடு அங்கேயே ஓடி வந்தார். "கண்ணு போயிடாதுல்ல?" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார்.

ஒரு மணிக்குமேல் டாக்டரம்மா வந்தார். உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"வலது கண்ணு நல்லாருக்குதுங்க. இடது கண்ணுல இனிமே பார்வை வராது. பொண்ணு அப்பாவ மட்டும் உள்ள வர சொல்லுது."