சோளகத்தில் கட்டாத தவணைகள்

மூன்று வருடத்துக்கு முன், தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்குகிற வைகாசி மாதத்தில் ஒரு நாள், கற்பிட்டியில் நாங்கள் குடியிருந்த காணியின் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு ஹாஜியார், ஊரில் எல்லோரும் மதிக்கிற மனுஷன். வழக்கமாக வந்தால் முற்றத்தில் நின்றபடியே நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

"மகள், இந்தக் காணிய விக்கிறதுக்கு முடிவெடுத்துட்டேன். கடைசி மகளுக்கு வீடு முடிச்சுக் குடுக்கணும். வெளி ஆக்கள் கூடச் சல்லி தாறதாச் சொல்றாங்க. ஆனா மொதல் கதை ஒங்களோடதான். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் நான் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

அவர் சொன்ன விலை, தரகர்மார் சொல்லித் திரிந்த விலையைவிட எவ்வளவோ குறைவு. அது அவருடைய நல்ல மனசு. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த எங்களுக்கு அந்த ஓட்டு வீட்டைத் திறந்துவிட்டவரும் அவர்தான். பிறகு அவருடைய சம்மதத்தோடு நாங்களே சமையலுக்கு ஒரு குசினி இறக்கினோம், குழாய்க் கிணறு அடித்தோம். அந்தக் குசினிச் சுவருக்கு ஒவ்வொரு கல்லையும் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். சொந்தக் காணி என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. அதைத்தான் நான் இழந்தேன். எப்படி இழந்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கத்துக் கடலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சோளகம் எழும்பினால் கடல் கொந்தளிக்கும், சின்னப் படகுகள் இறங்காது. புரட்டாதி கழிந்து காற்று விழுந்த பிறகுதான் கடல் திறக்கும். நடுவில் உள்ள மாதங்களில் ஆண்கள் உப்பளத்துக்கும் பெண்கள் வெங்காயத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போவோம். அந்தக் கூலி அடுப்பெரிக்க மட்டும்தான் காணும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கடல் இல்லாத மாதத்தில் ஒருவரும் ஒருவரிடமும் காசு கேட்க மாட்டார்கள். மீன் முதலாளி தந்த முற்பணமோ, கடைக் கடனோ, ஹாஜியாரின் வாடகையோ, எல்லாம் கடல் திறந்ததும் சேர்த்துக் கொடுபடும். கொடுக்காதவனை ஊர் மதிக்காது. சோளகத்தில் கேட்கிறவனையும் ஊர் மதிக்காது.

இந்த வழக்கத்தைத்தான் நான் நிதி நிறுவனத்துக்கும் கொண்டுபோனேன்.

என் கணவர் கடற்தொழிலாளி. பழைய இஞ்சின் நடுக்கடலில் நின்று நின்று அவரைப் படாத பாடு படுத்தியது. புதிய இஞ்சினுக்கு ஒரு நிதி நிறுவனத்தில் தவணைக் கடன் எடுத்தோம். கடன் என் பெயரில்தான். கடலில் அவருக்கு இருக்கிற தைரியத்தில் கால்வாசிகூட ஒரு அலுவலகக் கதவுக்கு முன்னால் இருக்காது. கையெழுத்து, போட்டோ, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் நான்தான் போவேன். நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு.

கடல் திறந்த மாதங்களில் தவணையைத் திகதிக்கு முதலே கொண்டுபோய்க் கட்டினேன். சோளகம் வந்ததும் நிறுத்தினேன். நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை போனில் கோல் எடுத்தாள். "கடல் திறந்தவுடன எல்லாத்தையும் சேத்துக் கட்டிவிடுவன், பயப்பிடாதேங்கோ" என்றேன். தாமதக் கட்டணம் வரும் என்றாள். "வரட்டும், அதையும் கட்டுறன்" என்றேன், பெரிய பணக்காரி மாதிரி. அவள் "சரி அக்கா" என்று வைத்துவிட்டாள். அந்த "சரி அக்கா"வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சொன்னபடியே ஒவ்வொரு வருடமும் காற்று விழுந்ததும் நிலுவை, தாமதக் கட்டணம் எல்லாம் கட்டினேன். பிந்தினதற்குத் தண்டம் கட்டியாயிற்று, கணக்குச் சரி என்றுதான் நினைத்தேன். கடைசித் தவணை முடிந்த அன்று அவர்கள் எனக்கு ஒரு குடை கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மழையா வெயிலா என்றுகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே ஹாஜியார் காணிக் கதையைச் சொன்னபோது எனக்குப் பயத்துக்குள்ளும் ஒரு தைரியம் இருந்தது. சீட்டுக் காசும் என் நகைகள் விற்ற காசுமாகப் பாதி விலை தேறியது. மிச்சப் பாதிக்கு வங்கிக் கடன். ஒரு கடனை எடுத்துச் சதம் மிச்சமில்லாமல் முடித்தவளுக்கு எவன் இல்லை என்பான்? குடை பிடித்துக்கொண்டு புத்தளம் போனேன்.

வங்கியில் கடன் பகுதியில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. தண்ணீர் தந்தாள். கடதாசிகளைப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு கணினியில் என் அடையாள அட்டை இலக்கத்தை அடித்துவிட்டு, திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்போதுதான் நாட்டில் எந்த வங்கியில், எந்த நிறுவனத்தில் கடன் எடுத்தாலும், அது கட்டப்பட்ட விதம் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது. கடன் தருவதற்கு முதல் எல்லோரும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்களாம்.

"அக்கா, ஒவ்வொரு வருஷமும் மே மாசத்துக்குப் பிறகு மாசக்கணக்கில கட்டாம விட்டிருக்கீங்க" என்றாள்.

"பிறகு கட்டினன்தானே பிள்ளை? தாமதக் கட்டணமும் கட்டினன்."

"அது பிந்தினதுக்கான கட்டணம் அக்கா. பிந்தினத அழிக்கிறதுக்கான கட்டணம் இல்ல."

கற்பிட்டியில் ஆரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், நான் ஒரு சதம் பாக்கி வைத்தேனா என்று கேளுங்கள் என்றேன். குரல் கூடிவிட்டது போல, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரையை என் பக்கம் திருப்பி, "நாங்க விசாரிக்கிற இடம் இதுதான் அக்கா" என்றாள். அவள் முகத்தில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் நாலு கிழி கிழித்துவிட்டாவது வந்திருப்பேன்.

இன்னொன்றும் சொன்னாள். கடன் எடுக்கும்போதே தொழில் நிலைமையைச் சொல்லிக் கேட்டிருந்தால், சீசன் மாதங்களில் கூடவும் மற்ற மாதங்களில் குறையவும் கட்டுகிற மாதிரிச் சில நிறுவனங்கள் எழுதித் தருமாம். வாயால் சொல்லி வைத்ததற்குப் பெறுமதி இல்லையாம், எழுத்தில் வாங்க வேண்டுமாம். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "நாங்கள் ஆருடைய காசையும் களவெடுத்தமோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்துபோய், கரையில் மீன்பிடி வாடியில் சும்மா கிடந்த இஞ்சினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார். கழுவ வேண்டிய தேவையே இல்லை, கடலுக்குப் போய்க் கன நாள். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன்.

அடுத்து நான் செய்தது சுத்த விசர் வேலை, பைத்தியக்காரத்தனம். ஒரு வங்கி இல்லை என்றால் இன்னொன்று என்று, புத்தளத்திலும் சிலாபத்திலும் கண்ட வங்கி எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு இடத்திலும் விண்ணப்பம், ஒவ்வொரு இடத்திலும் அதே முகம். கடைசி வங்கியில் ஒருவர், "இத்தனை இடத்தில கடன் கேட்டதும் இதில பதிஞ்சிருக்கு அம்மா, பார்க்கிறவங்களுக்கு நீங்க காசுக்குத் தவிக்கிற ஆள் மாதிரித் தெரியும்" என்றார். தவிக்கிற ஆள்தானே ஐயா நான்? ஆனால் தவிக்காதவனுக்குத்தான் கடன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இதற்குள் ஹாஜியாருக்கு விஷயம் எட்டிவிட்டது. மனுஷன் கொதித்துப்போனார். "நீங்க வாங்க மகள், நான் வந்து சொல்றேன். ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாததா அவங்களுக்குத் தெரியப்போகுது?" என்று வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக என்னோடு பஸ் ஏறினார். அந்த வயதில், அந்த வெயிலில், தன் காணியைக் குறைந்த விலைக்கு விற்பதற்காக ஒரு மனுஷன் வங்கிக்கு வந்தார். இதை எங்கே போய்ச் சொல்ல?

முதல் பார்த்த அதே பிள்ளையிடம்தான் போனோம். அவள் எழுந்து நின்று அவருக்குக் கதிரை போட்டாள். ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்து, "இவங்க இத்தன வருஷமா என்ட வீட்டில இரிக்காங்க. ஒரு மாச வாடகையும் எனக்குப் பாக்கி வச்சதில்ல" என்றார்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அந்தந்த மாசமே தந்தாங்களா ஹாஜியார்?"

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஓம், தந்தாங்க என்று ஒரு சொல் சொன்னாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லை அவரால் சொல்ல முடியவில்லை.

"கடல் இல்லாத மாசத்தில யாரு மகள் வாடக கேப்பாங்க?" என்றார் அவளிடம்.

அவள் என் கடதாசிகளை அடுக்கித் திருப்பித் தந்தாள். திரும்பி வருகிற வழி முழுக்க அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, எனக்காகத் தான் ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ என்று கேட்டார். வேண்டாம் வாப்பா என்றேன். அதற்கு முதல் ஒருநாளும் நான் அவரைத் தகப்பன் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று வழக்கம்போல அவர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. அந்தக் கிழமைதான் இஞ்சின் கடன் தந்த அதே நிதி நிறுவனத்திலிருந்து கோல் வந்தது. நான் நல்ல வாடிக்கையாளராம், எனக்கென்று விசேஷமான கடனாம். கோதாரி! எந்தக் கையால் என்னைப் பிந்திக் கட்டுகிறவள் என்று எழுதி வைத்தார்களோ, அதே கையால் வெற்றிலை வைத்து அழைக்கிறார்கள். வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிவிட்டு, வெட்கத்தை விட்டு, வட்டி எவ்வளவு என்றும் கேட்டேன். கட்டி முடிக்கும்போது காணியின் விலையைவிடக் கூட வரும். மாதம் தவறினால் காணியும் போகும். என் கணவர் தலையை ஆட்டி மறுத்தார். "திரும்பவும் சோளகம் வருந்தானே" என்றார்.

பெருநாளுக்குப் பிறகும் ஹாஜியார் ஒரு மாதம் பொறுத்தார். நாங்கள் எங்காவது காசு புரட்டுவோம் என்று நம்பினார். மகள் வீட்டு வேலை பாதியில் நின்றது. கடைசியில் நாங்களே போய், "வில்லுங்கோ" என்று சொல்ல வேண்டி வந்தது. அவர் அழுதார். கொழும்புப் பக்கத்து ஒருவர் வாங்கினார். ஓட்டு வீட்டை இடித்தார்கள். நான் கல் தூக்கிக் கொடுத்த குசினிச் சுவர் விழுவதைப் பார்க்க வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் உல்லாசப் பயணிகளுக்கான அறைகள் நிற்கின்றன. சோளகம் எழும்பும் மாதங்களில்தான் வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வருவார்கள், பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்கி விளையாட. எங்கள் கடலை மூடுகிற அதே காற்று அவர்களுக்குத் திருவிழா. அறைகளைக் கட்டிய முதலாளிக்கு வங்கி கடன் கொடுத்ததாம். சோளகத்தில்தானே அவருக்கு வருமானம்.

நாங்கள் பாலாவிப் பக்கம் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறோம். மாதம் முதலாம் திகதி வாடகை, சோளகமானாலும் சரி. மின்சாரமோ போன் பில்லோ, ஒன்றையும் திகதி பிந்தவிடுவதில்லை. சோளக மாதங்களில் எனக்கு அந்த அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன், வயிறு விடவில்லை.

கடலோரத்து மூன்றாவது அறை எங்கள் குசினி இருந்த இடம். அடுப்பு வைத்த மூலையில் இப்போது கட்டில் கிடக்கிறது. படுக்கை விரிக்கும்போது ஒவ்வொரு நாளும் அந்த மூலையில் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் சம்பளம் தவறாமல் கைக்கு வருகிறது, அன்றைக்கு என்னால் கட்ட முடியாமல் போன அதே மாதங்களில். ஆனால் அதை வைத்து வாங்குவதற்கு எனக்கென்று இனி அந்தக் கரையில் ஒரு முழ மண்ணும் இல்லை.