செட்டிகுளத்தில் ஆள் சேர்த்த நல்லுசாமி

செட்டிகுளம் நல்லுசாமிக்கு அந்தக் காலத்தில் ஒரு திறமை இருந்தது. ஒயின்ஷாப் போகும் ரோட்டில் நின்றால் போதும், யார் தன்னோடு ஒரு குவார்ட்டருக்குப் பங்கு சேருவான் என்பதை நடையை வைத்தே சொல்லிவிடுவான். முன்பின் தெரியாதவனையும் இரண்டு வார்த்தையில் மாமன் மச்சான் ஆக்கிவிடுவான். அந்தத் திறமைதான் அவனைக் குடியில் மூழ்கடித்தது.

திருச்சி மறுவாழ்வு மையத்திலிருந்து கிளம்பிய அன்று அங்கே ஆலோசகராக இருந்த சிந்து மேடம் சொன்னார்: "குடிக்கறதுக்காகக் கத்துக்கிட்ட கெட்டிக்காரத்தனம் எல்லாம் உங்ககூடயேதான் வரும். அதுக்கு வேற வேலை குடுங்க."

என்ன வேலை கொடுப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஐப்பசி பிறந்தது. அவனுடைய வயலில் பிடுங்கிப் போட்ட சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையிலேயே வானம் கறுத்தது. நனைந்தால் அத்தனையும் அழுகிவிடும். வருவதாகச் சொன்ன ஆட்கள் வேறொருவர் காட்டில் அறுவடைக்குப் போய்விட்டார்கள். மனைவி வெற்றிச்செல்வி ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் கிடைக்கவில்லை.

"ஒயின்ஷாப் ரோட்டுல ஆள் இருக்கும்" என்றான் நல்லுசாமி.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வண்டிய எடுங்க, நானும் வரேன்" என்றாள். அவள் வந்தது அவனுக்கும் தெம்பாகத்தான் இருந்தது.

ரோட்டுத் திருப்பத்தில் டிரெய்லரோடு டிராக்டரை நிறுத்தினான். கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. முதலில் வந்தவன் பழைய கூட்டாளி பாவாடை.

"என்ன மாப்ள, திரும்பி வந்துட்டியா?"

"வந்துட்டேன் மாமா, ஆனா அதுக்கு இல்ல. வெங்காயம் நனையப் போவுது, ஒரு கை குடு."

"கடை தொறக்கப் போறானே!"

"கடை எங்கயும் ஓடிப் போவாது. மழை நமக்காகக் காத்து நிக்குமா? கூலி உண்டு. மதியம் கோழிக் கொழம்பு."

பின்னாலிருந்து முதுகில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. "எந்தக் கோழி?" என்று பல்லைக் கடித்தாள் வெற்றிச்செல்வி.

"நம்ம சேவல்தான். சொல்லிட்டேன், குடுத்துதான் ஆவணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்த காலத்தில் அவன் அள்ளிவிட்ட வாக்குகளில் ஒன்றுகூட வீடு வந்து சேர்ந்ததில்லை.

அதற்குப் பிறகு நல்லுசாமியின் கண் பழையபடி வேலை செய்தது. தயங்கி நடந்தவனைப் பங்காளி என்றான், வேகமாகப் போனவனை விட்டுவிட்டான். ஒரு டிராக்டர் டிரெய்லர் நிறைய ஆள் சேர்ந்தது. வெங்காயம் முழுதும் சேமிப்புப் பட்டறைக்குள் போய்த் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. வாசலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். சிலர் அப்புறம் கடைக்குத்தான் போனார்கள். பாவாடை மட்டும், "நாளைக்கும் வேலை இருக்கா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே நின்றான்.

இப்போது சுற்று வட்டாரத்தில் யாருக்கு ஆள் வேண்டுமென்றாலும் நல்லுசாமிக்குத்தான் போன் வருகிறது. ஒயின்ஷாப் ரோட்டுப் பக்கம் அவன் போவதில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் காலையிலேயே நின்றுவிடுவான். நாக்கு ஊறும் நாள் இன்னமும் வரத்தான் செய்கிறது. அப்படி வந்தால் போனை எடுத்து மறுநாளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிடுவான்.

"நேத்துக்கூட போன்ல ரொம்ப நேரம் பேசினீங்களே?" என்றாள் வெற்றிச்செல்வி.

"நேத்து ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அதான் இன்னைக்கு நாலு காட்டுக்கு ஆள் போயிருக்கு."