மாமனாரைக் கண்காணிக்கும் உத்தியோகம்

சேவகனுக்குத் தடியும் தலைப்பாகையும் கொடுத்து வேலைக்கு வைப்பார்கள். தனியாக இருக்கும் மாமனாரைக் கண்காணிக்கிற மருமகளுக்கோ இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு தூக்குச்சட்டி, அவ்வளவுதான். என்னைப்போல் அகப்பட்டுக்கொண்ட அக்கா தங்கைகளே, உங்களுக்குத் தெரியாததா?

மாமியார் போனபிறகு மாமனார் மர்பி டவுன் வீட்டில் ஒண்டியாக இருக்கிறார். வெள்ளைக்காரர் பங்களாவில் பட்லராக வேலை பார்த்தவர். "தனியா விடலாமா கூடாதான்னு நீ தினம் போய்ப் பார்த்துச் சொல்லு" என்று ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், உத்தரவு போட்டார். கூடாது என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு, அவரை மகன்கள் வீடுகளில் மாசத்துக்கு ஒரு வீடாகச் சுற்றவிடுவதாக ஏற்பாடு.

எங்கள் குடும்பத்தில் மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று குழந்தையைக் கேட்பேன். அவரும் குழந்தைக்கே பதில் சொல்வார். அதற்கோ இன்னும் பல்கூட முளைக்கவில்லை.

திறந்து கிடந்த கதவு

ஒருநாள் போனால் கொல்லைக்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு போனால் யார் கேட்பது? "ஏன் தாத்தா தாழ் போடலேன்னு கேளு" என்று குழந்தையைக் கிள்ளாத குறையாகக் கேட்டேன். அவர் நிதானமாக, "உங்கம்மாகிட்டே சொல்லு கண்ணு, நான் உள்ளே விழுந்து கிடந்தா ஜனங்க கதவை உடைச்சுக்கிட்டா வரணும்?" என்றார்.

அடிப்பிடித்த பால்

ஞாயிறு பூசை முடிந்து மூத்தார் மனைவி எட்டிப் பார்த்தார். பால் அடிப்பிடித்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, வீட்டையே கொளுத்திவிடுவார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் அடுப்பிலும் பால் தீயாத வாரம் இல்லை. என்னை யாரும் வீட்டைவிட்டுக் கிளப்பவில்லையே! சட்டியைத் தேய்த்தது நான். புடவை நுனி நனையாமல் படியிறங்கிய அந்த அக்கா சொன்னது: "நாங்க வந்து பார்க்கலேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாரு."

வீங்கின கால்

இன்னொரு நாள் மாமனார்மேலேயே ஆத்திரம். குழாயடியில் வழுக்கி விழுந்து, வீங்கின காலை என்னிடம் மறைக்க வேட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் கண் மங்குகிற மனுஷரை இருட்டில் தண்ணீர் பிடிக்கச் சொன்னது யார்? குழந்தையைக் கேட்கிற சாக்கில் கத்தியேவிட்டேன். அது வீறிட்டது. அவர் அதைத் தட்டிக்கொடுத்தபடி, "உங்கம்மா இதைப் போய்ச் சொன்னா, நாளைக்குத் தாத்தாவோட பெட்டியும் படுக்கையும் தெருவிலே, கண்ணு" என்றார்.

வாசலில் ஜட்கா

கால் சங்கதியை நான் சொல்லவில்லை. அக்கா சொன்ன பால் சங்கதியைக் கேட்டே மூத்தார் ஜட்கா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். நான் கதவுக்குப் பின்னால். மாமனார் மடியில் குழந்தை. "ரசத்திலே உப்பு இல்லே. முந்தாநாளும் இல்லே. என்ன பதில் சொல்றே?" என்று அதனோடு வழக்காடிக்கொண்டிருந்தார். மூத்தார் நெற்றியில் கைவைத்து, "பச்சைப் பிள்ளைகிட்டே சண்டை போடறார். புத்தி கலங்கிப்போச்சு. இன்னைக்கே பெட்டியைக் கட்டு" என்றார். அதே வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த வீட்டு வழக்கம் மறந்துபோய்விட்டது!

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். "மாமா பேசினது என்கிட்டே. புத்தி தெளிவாத்தான் இருக்கு. இருட்டினா கண்ணு தெரியலே, குழாயடியிலே விழுந்தார், அதுவும் நிஜம். தண்ணி நான் பகல்லேயே பிடிச்சு வெச்சுடறேன். ராத்திரிக்கு மகனுங்க ஆளுக்கொரு நாள் வந்து படுங்க. திங்கட்கிழமை உங்களுது." மாமனார் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவு பெரிய குரலை வெச்சுக்கிட்டா குழந்தையைக் கஷ்டப்படுத்தினே, மருமகளே?"

மாமனார் இன்றும் அந்த வீட்டில் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். திங்கட்கிழமை வந்தால் உடம்புக்கு முடியாமல் போவது மூத்தாருக்குத்தான்.