அப்பா பாடத்திட்டத்தில் இல்லை

சவூதியின் தம்மாமில் ஓர் இந்தியப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளாதாரம் எடுக்கும் உமாராணிக்கு அப்பாமார்களைக் கண்டால் ஆகாது. அம்மாமார்கள் வந்தால் மார்க் கேட்பார்கள், கொஞ்சம் கண் கலங்குவார்கள், போய்விடுவார்கள். அப்பாமார்கள் விளக்கம் சொல்வார்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் கல்ஃப் பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்தவர். பணவீக்கம் என்றால் அவர்களுக்கு ஷவர்மா விலை. "நான் வந்தப்ப மூணு ரியால் டீச்சர்" என்று தொடங்குவார்கள். வந்தபோது வாங்கிய சம்பளத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். வேலையின்மை என்றால் ஊர்ப் பையன்களுக்கு உடம்பு வணங்காதது. ரூபாய் சரிந்த அன்று பணம் அனுப்பும் கடை வாசலில் இவர்கள் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் தேர்த்திருவிழா தோற்றுப்போகும். அதே சாயங்காலம் வாட்ஸாப்பில் தேசியக்கொடி வைப்பார்கள். பிறந்த வீட்டுக் கூரை சரியும்போது ஓடு மலிவாய்க் கிடைக்குமே என்று பையை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்களுக்கு எதைச் சொல்லி எதை விளங்கவைப்பது?

அவள் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அரசுக் கல்லூரியில் எம்.ஏ., பிறகு பி.எட். சாப்பாட்டு டப்பா மூடியில்கூட 'உமாராணி, எம்.ஏ., பி.எட்.' என்று எழுதிவைத்திருந்தாள். ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தலைமுறை தலைமுறையாய்ப் பட்டம் வாங்கின வீட்டில் பிறந்தவர்களுக்கு அது சட்டைப் பொத்தான் மாதிரி, அறுந்து விழுந்தால்தான் தெரியும். அவளுக்கு அப்படி இல்லை.

கணவன் விமல் பக்கத்து நகரமான ஜுபைலில் ஓர் ஆலையில் டெக்னீசியன். வாரம் முழுக்க அங்கே தொழிலாளர் கேம்ப், வியாழன் சாயங்காலம் தம்மாம் வருவான். குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள ஆளுக்கு இவ்வளவு என்று சவூதி அரசுக்குக் கட்டுகிற பணம், வீட்டு வாடகை, பையனின் எல்.கே.ஜி. ஃபீஸ் எல்லாம் அவள் சம்பளத்தில்தான் ஓடின. அவள் வேலை போனால் அவளும் பையனும் ஊருக்கு, விமல் ஏழு நாளும் கேம்புக்கு. அந்த வேலையோ வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று கருத்துச் சொல்லும் பெற்றோர் குழுவில் கல்யாணசுந்தரம் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணசுந்தரம் கோயம்புத்தூர்க்காரர். தம்மாமில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோல் மேனேஜர். அடுத்தவன் போட்ட கையெழுத்துக்கு நம்பர் போட்டு அடுக்கி வைப்பது வேலை. அதற்கு மேனேஜர் என்று ஒரு வால். தமிழ் மன்றத்துப் பொங்கல் விழாவில் வருஷா வருஷம் மேடையேறி, "நாம அனுப்பற காசுலதானுங்க இந்தியாவே ஓடுது" என்று பேசுவார். கை தட்டுவார்கள். தட்டுகிறவர்கள் எல்லாரும் அனுப்புகிறவர்கள்தானே, தட்டாமல் என்ன செய்வார்கள்?

அவர் மகள் தன்யா, உமாராணியின் வகுப்பு. ஜனவரியில் நடந்த மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. சவூதியில் இருபது ஆண்டாக வேலை பார்க்கும் இந்தியரின் சம்பளம் இந்தியாவின் நாட்டு வருமானத்தில் சேருமா, காரணம் சொல்லு. இரண்டு மார்க். புத்தகத்தில் நாலு வரியில் இருக்கிற பதில். ஒருவர் எந்த நாட்டில் வழக்கமாகக் குடியிருக்கிறாரோ, எங்கே அவர் பொருளாதார நலன் இருக்கிறதோ, அந்த நாட்டுக் கணக்கில்தான் அவர் சம்பாத்தியம் ஏறும், ஆகவே சேராது. தன்யா எழுதியிருந்தாள்: சேரும், ஏனென்றால் என் அப்பா அனுப்பும் பணத்தில்தான் இந்தியா ஓடுகிறது.

உமாராணி பூஜ்யம் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் சிவப்பு மையில், 'உன் அப்பா பாடத்திட்டத்தில் இல்லை' என்றும் எழுதினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வரி படமாகி எல்லா அப்பாமார்களின் போனுக்கும் போய்விட்டது. படத்துக்குக் கீழே கல்யாணசுந்தரம் எழுதியிருந்தார்: 'நாம் இந்தியர்கள் இல்லையாம். நம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.' பாலைவனத்தில் மழை பெய்தாலும் பார்க்காத ஆட்கள் இதைப் பார்த்துக் கொதித்தார்கள். குவைத்தின் ஃபர்வானியாவிலிருந்துகூட யாரோ ஒரு மாமா கண்டனம் தெரிவித்தார்.

பிரின்சிபால் லக்னோக்கார அம்மாள், சண்டை என்றால் தலைவலி வருகிறவர். உமாராணியைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். மார்க்கைப் போட்டுவிட்டு ஒரு வருத்தம் தெரிவித்துவிடு. இல்லையென்றால் சனிக்கிழமை குழு கூடும், பிறகு உன் ஒப்பந்தம் என் கையில் இல்லை.

விமலிடம் போனில் சொன்னாள்.

"ரெண்டு மார்க்குதானே உமா. போட்டுட்டுப் போயேன்."

"எழுதுனது தப்புங்க."

"தப்புதான். தப்புக்கு நான் ஒரு பக்கம், நீயும் பையனும் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கணுமா? கேம்ப்ல எம் பக்கத்து பெட்டுக்காரர் ஊருல இருக்கற புள்ளைக்கு வீடியோல கணக்குச் சொல்லிக்குடுக்கிறாரு. அந்தப் புள்ள போனை கவுத்து வச்சுட்டு வெளையாடப் போயிருது. இவரு சுவத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருக்காரு."

அவள் போனை வைத்துவிட்டுப் பையனைத் தூங்கவைத்தாள். வருத்தம் தெரிவிக்க மட்டும் அவளால் முடியவில்லை.

சனிக்கிழமை பிரின்சிபால் அறையில் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பேசினால் போதும். மீதி ஒன்பது பேரைத் தூக்கி வெளியே வைத்தாலும் நடக்கிற காரியம் குறையப்போவதில்லை. மறைமுக வேலையின்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் தனக்குக் கிடைத்ததில்லை என்று உமாராணிக்குத் தோன்றியது. டீயும் பிஸ்கட்டும் வந்தன.

கல்யாணசுந்தரம் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏனுங் டீச்சர், நான் இந்தியன்தானுங்களே?"

"இந்தியர்தான் சார். இல்லேன்னு யாரு சொன்னா? நாட்டு வருமானக் கணக்கு பாஸ்போர்ட்டைப் பாக்காது. ஒரு வருஷத்துக்கு மேல எங்க குடியிருக்கீங்க, பொழப்பு எங்க, அதைத்தான் பாக்கும். அந்தக் கணக்குப்படி நீங்க இந்த நாட்டு நார்மல் ரெசிடென்ட்."

"அப்ப நான் சவூதிக்காரனுங்களா?"

"கணக்குக்கு மட்டும்."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப நாளையிலேர்ந்து உங்க சவூதி முதலாளி கஃபீலை டீ போடச் சொல்லுங்க கல்யாணம் பாய்" என்றார். சொன்னவர் ஜாபர் சாதிக், கீழக்கரைக்காரர், டவுனில் சீகோ பில்டிங் பக்கம் மளிகைக் கடை. அவர் மகள் இன்ஷாவும் அதே வகுப்புதான். சிரிப்பை அடக்கப் பலபேர் பிஸ்கட்டை எடுத்தார்கள்.

கல்யாணசுந்தரம் திரும்பிப் பார்க்கவில்லை. "மாசா மாசம் அனுப்பறனுங்களே, அது?"

"அது ட்ரான்ஸ்ஃபர் சார். வேலை இங்க நடந்துச்சு, சம்பளம் இங்க கணக்குல ஏறிருச்சு. ஊருக்கு அனுப்புறது, பதிலுக்கு ஒண்ணும் வாங்காம கைமாத்தி விடுறது. அன்பளிப்பு, வெள்ள நிவாரணம் எல்லாம் அந்த வரிசைதான். நாட்டு வருமானத்துல வராது. நாடு செலவு பண்ணக் கையில இருக்கிற வருமானம்னு இன்னொரு கணக்கு இருக்கு, அதுல வரும். அதைப் பொங்கல் விழாவுல தாராளமா சொல்லலாம், தப்பில்ல."

நல்ல சமாதானம்தான். மரியாதை தெரிந்தவன் எடுத்துக்கொண்டு எழுந்திருப்பான். கல்யாணசுந்தரத்துக்கு முகம் சிவந்தது.

"நிவாரணமுங்களா? இருபத்திரண்டு வருசம் ரத்தம் சிந்தி ஒழைச்சவனுக்கு நிவாரணக் கணக்கா?"

அவர் சிந்திய ரத்தம் காகித ஓரம் கிழித்த விரலிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். வெயிலில் சிந்துகிறவர்கள் ஜுபைலில் இருந்தார்கள். அவர்கள் யாரும் இந்த அறைக்கு வரவில்லை. பிள்ளைகளை இந்தப் பள்ளியில் போட அவர்களுக்கு வழியும் இல்லை.

"சர்க்கார் காலேஜ்ல படிச்சுப்போட்டு வந்தா இப்படித்தானுங்க இருக்கும்" என்றார் அவர் பிரின்சிபாலைப் பார்த்து, ஆனால் தமிழில்.

"ஆமாங்க சார். அங்க புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக்குடுத்தாங்க" என்றாள் உமாராணி.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஒண்ணு மார்க்கு, இல்லீன்னா மன்னிப்பு. ரெண்டும் இல்லீங்களா, ஏப்ரல்ல டீச்சர் வேற பள்ளிக்கோடம் பாத்துக்கட்டும்." அதையே ஆங்கிலத்திலும் சொன்னதும் பிரின்சிபால் பேனாவைத் திறந்தார். ஒன்பது தலைகள் ஆடின.

கவிழ்ந்த போனும் சுவரைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் மனுஷனும் ஒரு நொடி உமாராணியின் கண்முன் வந்து போனார்கள். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் பக்கத்து ஆளிடம், "வரியில்லாத என்ஆர்ஐ டெபாசிட்டுக்கு இப்ப வட்டி என்ன ஓடுது?" என்று கிசுகிசுத்தார். அது அவள் காதில் விழுந்தது.

"சரி சார்" என்றாள். "தப்பு என் மேலயா புத்தகத்து மேலயான்னு நாம ஏன் சண்டை போடணும்? தேர்வு வாரியத்துக்கே எழுதுவோம். நானே எழுதித் தரேன். 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் வழக்கமாகக் குடியிருப்பது இந்தியாவில்தான், எங்கள் பொருளாதார நலன் இந்தியாவில்தான். ஆகவே நாங்கள் சவூதியில் வாங்கும் சம்பளம் முழுவதும் இந்திய வருமானமாகக் கொள்ளப்பட வேண்டும்.' பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நம்பர், சம்பளம், பான் நம்பர் குறிச்சுக் குடுங்க."

மேசைமேல் கிடந்த பாஸ்போர்ட்டை எல்லாரும் ஒருமுறை பார்த்தார்கள்.

"பான் நம்பர் எதுக்கும்மா?" என்றார் ஜாபர் சாதிக்.

"எழுதினது யாருன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

ஜாபர் சாதிக் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கல்யாணம் பாய், நான் யாவாரி. முழுச் சம்பாத்தியமும் இந்திய வருமானம்னு நம்ம கையாலயே எழுதிக் குடுத்தா, வருமானவரிக்காரன் வூட்டு வாசல்ல வந்து சலாம் சொல்லுவான். அங்க நான் நான்-ரெசிடென்ட், அந்த மட்டுக்கும் அல்ஹம்துலில்லாஹ். எம்புள்ளைக்கு என்ன மார்க்கோ அதையே போடுங்கம்மா. கலாஸ், முடிஞ்சுது."

அவர் எழுந்ததும் வரிசை உடைந்தது. ஒருவருக்கு டூட்டி ஞாபகம் வந்தது. ஒருவர் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருந்தார். ஒருவர் மகனுக்குச் சட்டக் கல்லூரியில் என்ஆர்ஐ கோட்டாவில் இடம் கேட்டிருப்பதாகவும், இந்த நேரத்தில் எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மச்சான் சொன்னதாகவும் யாரும் கேட்காமலே சொன்னார். மாலை மரியாதைக்கு இந்தியாவில் குடியிருப்பார்கள். வரி என்றால் மூட்டை முடிச்சோடு சவூதிக்குக் குடிபோய்விடுவார்கள். ஒரு கடிதத்தால் யாருக்கும் வரி வந்துவிடாது, இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்று பார்த்துத்தான் போடுவார்கள் என்பது உமாராணிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. கரைத்துக் குடித்தவர்களுக்குத் தெரியாததா?

கல்யாணசுந்தரம் மட்டும் மிச்சமிருந்தார். பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நான் இந்த ஊருங்களா?" என்றார், சண்டைக் குரல் இல்லாமல். "இங்க தங்கற இக்காமா ஜூலையில முடியுது. இந்த வாட்டி கம்பெனி புதுப்பிக்கமாட்டான்னு பேசிக்கறாங்க."

பாவம் என்று தோன்ற வேண்டிய இடம். உமாராணிக்குத் தோன்றவில்லை. தன் வேலை ஆடுகிறது என்றால் அடுத்தவள் வேலையைப் பிடித்து ஆட்டுவதா? "புத்தகத்துல அதுக்கு பதில் இல்லீங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வராந்தாவில் தன்யா தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சாரி மிஸ்."

"நீ ஏன் சாரி சொல்ற? தெரியலேன்னா என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"தெரியும் மிஸ். ஆன்ஸர் நோ தான். நார்மல் ரெசிடென்ட், சென்டர் ஆஃப் எகனாமிக் இன்ட்ரஸ்ட், எல்லாம் தெரியும்." அறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பட், ஸ்கூல் பேப்பரை டாடி எடுத்துப் பாப்பார். இதுக்கு நோன்னு எழுதியிருக்கறதைப் பாத்தா அன்னைக்கு முழுக்க ஊட்ல பேசமாட்டார். போர்டு எக்ஸாம் பேப்பர் திரும்பி வராதே. அதுல கரெக்டா எழுதிடுவேன்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் அப்பாவோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

குழு எதிர்ப்பு எதையும் எழுதிக்கொடுக்காததால், மார்ச்சில் பிரின்சிபால் புது ஒப்பந்தத்தை நீட்டினார். அதே சம்பளம், ஒரு ரியால்கூட ஏறவில்லை. விலைவாசி ஏறின ஊரில் அதே சம்பளம் என்றால் குறைந்த சம்பளம் என்று அந்த அம்மாளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்க உமாராணிக்கு அப்போது நேரமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு விமலைக் கூப்பிட்டாள்.

"இன்னும் ஒரு வருஷம்."

"நெசமாவா?" கேம்பின் இரைச்சலுக்கு நடுவே அவன் இன்னொரு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டான். பிறகு, "நம்ம வீட்டு மேல்மாடி மலையாளிக் குடும்பம் காலி பண்ணுதாம். அவங்க சோபாவைச் சும்மா தரேங்கிறாங்க. நான் வந்ததும் எறக்கிரட்டுமா? நாம இங்க எத்தனை நாளைக்கோ, புதுசு எதுக்கு?"

"வேண்டாம்" என்றாள் உமாராணி. "வியாழக்கிழமை வாங்க. கடைக்குப் போயிப் புதுசாவே வாங்குவோம்."